கொல்கத்தாவின் ஜனவரி: சேவா முகாம், ஈச்ச வெல்லம், விடிய விடிய சங்கீதம்

ஜனவரி 11

கொல்கத்தாவுக்குப் போகிறோம் என்று சொன்னால் "துர்கா பூஜைக்கா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பூஜையும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் இந்த ஊரோடு பழக வேண்டுமானால் ஜனவரியில் வர வேண்டும் என்பது என் கட்சி. வியர்வை இல்லை, மழை இல்லை. விடியற்காலையில் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரி. அந்தக் குளிருக்கே ஊர் முழுவதும் சால்வையும் குரங்குக் குல்லாயுமாக நடமாடத் தொடங்கிவிடுகிறது. ஈச்ச மரத்திலிருந்து புது வெல்லம் வரும். கங்காசாகருக்குப் போகிற யாத்ரீகர்கள் லட்சக்கணக்கில் வந்து சேர்வார்கள். 22ஆம் தேதி டோவர் லேன் சங்கீத மாநாடு ஆரம்பம், மாதக் கடைசியில் புத்தகக் காட்சி. இவற்றையெல்லாம் முடிந்தவரை பார்த்துவிட வேண்டும் என்று அக்காவும் நானும் வந்திருக்கிறோம். அக்கா சங்கீதத்துக்காக வந்தவள். எனக்கு நாடகமும் சாப்பாடும் முக்கியம்.

ஹவுராவில் இறங்கியதும் டாக்சி தேடாமல் படகுத்துறைக்கு நடந்தோம். 2024 மார்ச் முதல் ஹூக்ளி நதிக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது, சில நிமிடங்களில் அக்கரை போய்விடலாம். இருந்தாலும் முதல் தடவை வருகிறவர்கள் படகில்தான் போக வேண்டும். இடது கைப்பக்கம் ஹவுரா பாலம் மூடுபனியில் பாதி மறைந்து நின்றது. எதிர்க்கரையில் பாபுகாட்டின் பருத்த தூண்கள். பாபு ராஜ்சந்திர தாஸ் தன் செலவில் 1830ல் கட்டுவித்த படித்துறை அது. தட்சிணேசுவரம் காளி கோயிலைக் கட்டிய ராணி ராஷ்மணி அவருடைய மனைவிதான்.

தங்குவது லேக் மார்க்கெட் பக்கம். தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி. சந்தையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாழையிலையும் நம் ஊர் மாதிரியே குவிந்து கிடக்கின்றன. பக்கத்திலேயே பில்டர் காபியும் கிடைத்துவிட்டதால் அக்காவுக்குக் கவலை தீர்ந்தது.

ஜனவரி 12

விவேகானந்தர் பிறந்த நாள். வட கொல்கத்தாவில் அவர் பிறந்த வீட்டைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகள் காவித் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார்கள். வீட்டை ராமகிருஷ்ண மிஷன் அழகாகப் புதுப்பித்து வைத்திருக்கிறது. மிஷனின் தலைமையிடமான பேலூர் மடத்தில் ஜயந்தி திதிக் கணக்குப்படி வேறொரு நாளில் வரும். அன்று சாப்பாடு ஆயிரக்கணக்கானவர்களுக்கு.

அந்த வீட்டு முற்றத்தில் நின்றபோது எனக்குத் திருவல்லிக்கேணி நினைவு வந்தது. 1893ல் சிகாகோ போக அவரிடம் பணம் இல்லை. பள்ளி ஆசிரியரான அளசிங்கப் பெருமாளும் அவருடைய நண்பர்களும் சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். பெரிய மனிதர் ஒருவர் மொத்தமாகக் கொடுக்கட்டும் என்று காத்திருக்காமல் நடுத்தர வர்க்கத்து வாசற்படிகளில் ஏறி இறங்கிச் சேர்த்த பணம். உலகம் அறிந்த அந்தப் பேச்சுக்குப் பின்னால் இவர்கள் நடந்த நடை இருக்கிறது. இதை நாம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

காலைச் சிற்றுண்டி அங்கேயே ஒரு சின்னக் கடையில். குளிர்காலத்தில் மட்டும் வரும் பச்சைப் பட்டாணிக் கச்சோரி. புதுப் பட்டாணியை இஞ்சி, பச்சை மிளகாயுடன் அரைத்து, பெருங்காயம் போட்டு எண்ணெயில் சுருளக் கிளறி, மைதா உருண்டைக்குள் பொதிந்து இட்டுப் பொரிக்கிறார்கள். பூரி போல உப்பி வருகிறது, பிட்டால் உள்ளே இளம்பச்சை. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு தம். உறைந்த பட்டாணியில் வருடம் முழுவதும் செய்யலாம்தான். அந்த இனிப்பு வராது.

ஜனவரி 13

இன்று முழுக்க பாபுகாட் முகாமில்தான் இருந்தோம்.

கங்காசாகர் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, கங்கை கடலில் கலக்கும் சாகர் தீவில் இருக்கிறது. கபில முனிவரின் கோபத்தில் சாம்பலான சகர புத்திரர்களைக் கரையேற்ற பகீரதன் கங்கையைக் கொண்டுவந்து சேர்த்த இடம் என்பது நம்பிக்கை. மகர சங்கராந்தியன்று அங்கே முழுக்குப் போட வட மாநிலங்களிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் மக்கள் வருகிறார்கள். "எல்லாத் தீர்த்தமும் பலமுறை, கங்காசாகர் ஒருமுறை" என்பது இங்கே வழங்கும் சொலவடை. பஸ், பிறகு முரிகங்கா ஆற்றைக் கடக்கப் படகு, மறுபடி பஸ் என்று போக வேண்டும். அதற்கு முன்னால் இளைப்பாறும் இடம்தான் பாபுகாட்டை ஒட்டிய இந்தத் தற்காலிக முகாம். நீறு பூசிய நாகா சாதுக்கள் துனி என்கிற அக்னி குண்டத்தின் முன்னால் உட்கார்ந்திருக்க, கேமராக்காரர்கள் அவர்களையே சுற்றுகிறார்கள். நாங்கள் பின்பக்கத்துச் சமையல் பந்தல்களுக்குப் போனோம்.

தன்னார்வச் சங்கங்கள் வரிசையாகப் பந்தல் போட்டிருக்கின்றன. ஒன்றில் பூரியும் உருளைக்கிழங்குக் கறியும், அடுத்ததில் தேநீர், அதற்கடுத்து மருத்துவர்கள், மருந்து மேசை. மார்வாடி வியாபாரிகளின் சேவா சமிதிகள், வங்காளி இளைஞர் மன்றங்கள், பிகாரிலிருந்து வந்து இங்கேயே வேரூன்றிவிட்டவர்களின் சங்கங்கள் என எல்லாத் தரப்பும் உண்டு. 1917ல் சுவாமி பிரணவானந்தர் நிறுவிய பாரத் சேவாசிரம சங்கம் தீவிலேயே பெரிய அளவில் தொண்டு செய்கிறது.

நாங்கள் உட்கார்ந்த பந்தலில் கிச்சுரி. அரிசியையும் பருப்பையும் குழைய வேகவைத்து, காலிபிளவரும் பட்டாணியும் சேர்த்து, இஞ்சி தூக்கலாக இருந்தது. சால இலைத் தட்டில் ஒரு கரண்டி விழுந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. பரிமாறியவர் எழுபது வயதுக்காரர், புராபஜாரில் துணிக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார். "நாங்கள் யாத்ரீகர்கள் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவர்கள்" என்று அக்கா இந்தியில் தயங்கியபோது, "பசிக்கிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள் பஹன்ஜி" என்று இன்னொரு கரண்டி வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு எதிரில் பிகார் கிராமத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி. மருமகளும் பேரனும் கூட. கைப்பையில் அவலும் வெல்லமும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வழிச் செலவு மொத்தத்துக்கும் அவர் வைத்திருந்த பணம், நாங்கள் நேற்று டாக்சிக்குக் கொடுத்ததைவிடச் சற்றுத்தான் அதிகம். இப்படிப்பட்டவர்கள் வாழ்நாளில் ஒருமுறை தைரியமாகக் கிளம்ப முடிகிறது என்றால், ஊருக்கு ஊர் யாரோ அடுப்பு மூட்டி வைத்திருப்பார்கள் என்கிற நம்பிக்கை அதற்கு ஒரு காரணம். யாத்திரை என்ற ஏற்பாடே இந்த அடுப்புகளின் மேல்தான் நிற்கிறது.

மாலை வரை காய் நறுக்கிக் கொடுத்தோம். அக்கா உருளைக்கிழங்கை நறுக்கும் வேகத்தைப் பார்த்து அங்கிருந்த பெண்கள் தங்கள் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

ஜனவரி 14

இன்று நமக்குப் பொங்கல், இவர்களுக்கு பௌஷ சங்கராந்தி. இரண்டு வீட்டிலும் புது அரிசி, புது வெல்லம், தேங்காய், பால். விடுதிக்காரம்மாவை எல்லோரும் மாஷிமா என்கிறார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். காலையில் நாங்கள் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தோம். மத்தியானம் அவர் பாட்டிசாப்டா கொண்டுவந்தார். அரிசி மாவு, மைதா, ரவை கலந்து மெல்லியதாக ஊற்றி, ஈச்ச வெல்லத்தில் கிளறிய தேங்காய்ப் பூரணத்தை நடுவில் வைத்துப் பாய் போலச் சுருட்டியது. பாலில் மிதக்கும் கொழுக்கட்டை போன்ற துத்புலியும் இருந்தது. இரண்டில் எனக்குப் பாட்டிசாப்டாதான்.

ஜனவரி 16

ஒரு வருத்தம். குளிர்காலம் வந்தால் இந்த ஊர்ப் பேட்டை மன்றங்கள் கம்பளி வழங்குவது வழக்கம், ரத்ததான முகாம் நடத்துவதும் வழக்கம். இன்று மாலை அப்படி ஒரு கம்பளி விழா. பெயர் வேண்டாம். முதியவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, முக்கிய விருந்தினர் வரட்டும் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் காக்கவைத்தார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு அவர்கள் இருக்க, கம்பளிகள் மேடையில் நெகிழி உறைக்குள் அடுக்கியபடி இருந்தன. பிறகு ஒவ்வொருவராக மேடையேற்றிப் புகைப்படம். கொடுக்கிறவர் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக வாங்குகிற பாட்டியின் தோளைப் பிடித்துத் திருப்பினார் ஒருவர். கொடுத்தது நல்ல கம்பளிதான். ஆனால் இப்படிக் கொடுக்கக் கூடாது.

திரும்பும் வழியில், ராஷ்பிகாரி நிழற்சாலையில் மூடிய கடை வாசல்களில் படுத்திருந்தவர்களுக்கு நான்கைந்து பையன்கள் ஒரு தள்ளுவண்டியில் வைத்து ரொட்டியும் போர்வையும் கொடுத்துக்கொண்டு போனார்கள். கல்லூரி மாணவர்கள். தூங்குகிறவர்களை எழுப்பாமல் போர்த்திவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்கள். பணம் கொடுக்க முயன்றேன். "பணத்தை விடப் பழைய ஸ்வெட்டர் இருந்தால் கொடுங்கள், குழந்தைகளுக்குத்தான் பற்றவில்லை" என்றார்கள். நாளை மாஷிமா வீட்டு அலமாரி காலியாகும், அவரே சொல்லிவிட்டார்.

ஜனவரி 18

விடியுமுன் பாலிகஞ்ச் நிலையத்தில் முதல் லோக்கலைப் பிடித்து ஜயநகர்-மஜில்பூர் போனோம். ஈச்ச மரம் ஏறுகிறவர்களை இங்கே ஷியுலி என்பார்கள். எங்களை அழைத்துப்போன ஷியுலிக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் கயிறு, முதுகில் கூடை, அதில் வளைந்த அரிவாள்.

நம் பனை கோடையில் சுரக்கிறது, பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறோம், பதநீர் புளிக்காமலிருக்கச் சுண்ணாம்பு தடவுகிறோம். ஈச்ச மரத்தில் பாளையைத் தொடுவதில்லை. உச்சிக்குக் கீழே மட்டைகளைக் கழித்து, தண்டின் ஒரு பக்கத்துத் தோலை மெல்லச் சீவி, ஒரு மூங்கில் குழாயைச் செருகி மண்பானையைத் தொங்கவிடுகிறார்கள். மாலையில் கட்டினால் இரவு முழுவதும் சொட்டுகிறது. குளிர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தெளிவான சாறு, புளிப்பும் தள்ளிப்போகும். சில நாள் சீவினால் சில நாள் மரத்தை ஓய்வெடுக்க விட வேண்டும். ஓய்வுக்குப் பிறகு வரும் முதல் நாள் சாற்றுக்குத்தான் அந்த மணம். நல்ல வெல்லத்துக்கு அதைத்தான் தனியாக எடுத்து வைக்கிறார்கள்.

பானையிலிருந்து நேரே குடித்தால் அமிர்தம் என்று பலர் சொல்வார்கள். நாங்கள் குடிக்கவில்லை, நீங்களும் குடிக்க வேண்டாம். இரவில் வௌவால்கள் அந்தப் பானையைத் தேடி வருகின்றன. வங்கதேசத்தில் நிபா வைரஸ் மனிதர்களுக்குப் பரவிய வழிகளில் இந்தப் பச்சைச் சாறு முக்கியமானது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். காய்ச்சிய பிறகு பயமில்லை.

காய்ச்சுவது அவருடைய மனைவியின் பொறுப்பு. மண் அடுப்பின் மேல் அகலமான தகரத் தட்டு, எரிக்க ஈச்ச மட்டையும் வைக்கோலும். நுரையை வழித்து வழித்து எறிகிறார். சாறு முதலில் வெளிர் மஞ்சளாகிறது, பிறகு தேன் நிறம், பிறகு சிவப்பு. இந்த நிலையில் இறக்கினால் பாகு வெல்லம். அச்சு வெல்லம் வேண்டுமானால் இன்னும் ஒரு வேலை உண்டு, அதைத்தான் நான் கண்கொட்டாமல் பார்த்தேன். கொஞ்சம் பாகைத் தட்டின் ஓரத்தில் இழுத்து ஒரு மட்டைத் துண்டால் தேய்க்கிறார். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு போய் வெளுத்து, மாவுபோல மணலாகிறது. அதை மறுபடி மொத்தப் பாகோடு கலந்துவிடுகிறார். அந்தச் சிறு துகள்கள் விதையாகி மற்ற எல்லாவற்றையும் உறையவைக்கின்றன. துணி விரித்த கிண்ணங்களில் ஊற்றினால் சற்று நேரத்தில் கட்டி. சூடு ஆறுமுன் ஒரு விள்ளல் கொடுத்தார். புகை வாசமும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. நான் சாப்பிட்டதில் இதற்கு ஈடு உடன்குடிக் கருப்பட்டி மட்டும்தான்.

மகன் மரம் ஏறுவதில்லை, கட்டட வேலைக்குக் கேரளம் போய்விட்டான் என்றார் அவர். மரம் குறைகிறது, ஏறுகிறவர்கள் குறைகிறார்கள். நகரத்தில் விற்பதில் சர்க்கரை கலந்தது ஏராளம். விரலால் அழுத்தினால் உதிர வேண்டும், கல்லாக இருந்தால் வாங்காதீர்கள்.

ஜயநகர் மோயாவுக்கு 2015ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கனகசூர் என்ற நறுமண நெல்லைப் பொரித்து, புது வெல்லப் பாகும் நெய்யும் சேர்த்துப் பிடிக்கும் உருண்டை. இரண்டு நாளில் வாசனை போய்விடும். ஊருக்கு எடுத்துவர முடியாது, இங்கேயே சாப்பிட்டுவிட வேண்டும்.

ஜனவரி 20

செயின்ட் பால்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். முன்பக்கம் ஓவியக் கூடங்கள், பின்னால் நாடக அரங்கு. பக்கத்திலேயே ரவீந்திர சதன் அரங்கமும் நந்தன் திரைப்பட வளாகமும். ஒரு சாயங்காலத்துக்குள் ஓவியம், நாடகம், சினிமா மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம்.

குழு நாடகம் என்பது இந்த ஊரின் தனிச் செல்வம். நடிக்கிறவர்கள் பகலில் வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்க்கிறார்கள். மாலையில் ஒத்திகை, வார இறுதியில் மேடை. டிக்கெட் சில நூறு ரூபாய்க்குள் அடங்குகிறது. இன்று பார்த்த நாடகத்தில் பாதி வசனம் எங்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஒரே ஒரு மூங்கில் ஏணியை வைத்துக்கொண்டு வீடு, படகு, சிறை எல்லாவற்றையும் காட்டிவிட்டார்கள்.

இந்த மரபுக்குப் பின்னால் ஒரு பெரும் துயரம் இருக்கிறது. 1943ல் வங்காளத்தில் பஞ்சம். செத்தவர்கள் சுமார் 30 லட்சம் என்பது பரவலான கணிப்பு. கிராமங்களிலிருந்து நடந்து வந்து இதே கொல்கத்தாத் தெருக்களில், சோறு கேட்கக்கூடத் தெம்பில்லாமல், வடித்த கஞ்சித் தண்ணீருக்குக் கை ஏந்தியவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு இந்திய மக்கள் நாடக மன்றம் பிஜன் பட்டாச்சார்யா எழுதிய 'நபான்ன' நாடகத்தை மேடையேற்றியது. புது நெல் அறுவடைத் திருநாளின் பெயர் அது. பட்டாச்சார்யாவோடு சேர்ந்து அதை இயக்கிய சோம்பு மித்ரா 1948ல் பஹுரூபி குழுவைத் தொடங்கினார், அங்கிருந்து குழு நாடகம் கிளைவிட்டது. மன்றத்தின் கலைஞர்கள் ஆடியும் பாடியும் மற்ற மாகாணங்களில் பஞ்ச நிவாரணத்துக்குப் பணம் திரட்டினார்கள். பசித்தவனுக்குச் சோறு போடுவதும் மேடையில் ஏறுவதும் இந்த ஊரில் ஒரே கையின் வேலையாக இருந்திருக்கிறது. பாபுகாட் பந்தலைப் பார்த்துவிட்டு இந்த அரங்கில் உட்கார்ந்தால் அது இன்னும் நன்றாக விளங்குகிறது.

நாடகம் முடிந்ததும் நடிகர்கள் ஒப்பனையோடு வாசலில் ஒரு துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுந்தரவனத்தில் ஒரு பள்ளிக்குக் கூரை போட வேண்டுமாம். துணி நிறைந்துவிட்டது.

ஜனவரி 23, காலை

இன்னும் தூங்கவில்லை. காது நிறைந்திருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

டோவர் லேன் மாநாடு 1952ல் தெற்குக் கொல்கத்தாவின் ஒரு தெருவில் தொடங்கியது, அந்தத் தெருப் பெயரே இன்றும் நிலைத்துவிட்டது. இப்போது நடப்பது ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் உள்ள நஸ்ருல் மஞ்ச் அரங்கில். ஜனவரி 22 முதல் 25 வரை, நான்கு இரவுகள், விடிய விடிய. எங்கள் விடுதியிலிருந்து நடக்கும் தூரம்.

உள்ளே போனால் சால்வை, கம்பளி, வெந்நீர்க் குடுவை, குல்லாய் போட்ட தாத்தாக்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக உட்கார்ந்திருந்தது. பேத்தி பாட்டியின் மடியில் தூங்கினாள், நல்ல இடம் வந்தபோது பாட்டி அவளைத் தட்டி எழுப்பினார்.

நள்ளிரவு தாண்டி ஒரு பாடகர் மால்கௌன்ஸ் ராகத்தை எடுத்தார். நம் ஹிந்தோளத்தின் அதே ஐந்து சுரங்கள். "நாம் இதைத் துள்ளவிடுகிறோம். இவர் ஏன் இப்படி ஆழக் குழி தோண்டுகிறார்?" என்றாள் அக்கா, மெய்ம்மறந்து. முக்கால் மணி நேரம் தார ஷட்ஜத்தை, அதாவது மேல் ஸாவை, தொடவே இல்லை. தொட்டபோது அரங்கம் மொத்தமும் "ஆஹா" என்றது.

இடைவேளையில் வெளியே காபியும் மீன் வறுவலும். இதுவும் டோவர் லேனின் ஒரு பகுதிதான். கடுகு விழுது தொட்டுக்கொண்டு, போன வருஷத்துக் கச்சேரியையும் இந்த வருஷத்துக் கச்சேரியையும் ஒப்பிட்டு வாதம் செய்கிறார்கள். தபலாக்காரர் ஒருவரைப் பற்றி அறிமுகமில்லாத இருவர் கடுமையாக மோதிக்கொண்டு, பிறகு ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

கடைசிக் கச்சேரி சரோட் என்ற தந்தி வாத்தியம். லலித் ராகம். இரண்டு மத்யமங்களும் அடுத்தடுத்து வரும், பஞ்சமம் கிடையாது. அந்த இரண்டு மத்யமங்களுக்கும் நடுவில் உள்ள சிறு இடுக்கில்தான் விடியற்காலை இருக்கிறது என்று இன்று தெரிந்தது. இரவெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு மட்டும் அது அந்த அளவுக்குக் கேட்கும். நம் சபாக்களும் வருஷத்தில் ஒரே ஒரு இரவாவது இப்படி விடிய விடிய நடத்த வேண்டும். பௌளி, பூபாளம் போன்ற காலை ராகங்களை அவற்றின் வேளையில் கேட்டு எத்தனை காலமாகிறது!

வெளியே வந்தால் நேதாஜி பிறந்த நாள் ஊர்வலத்துக்குத் தெருவில் கொடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தூங்கி எழுந்து இன்றிரவும் நஸ்ருல் மஞ்சுக்குப் போகிறோம், நாளை ரயில். மாதக் கடைசியில் சால்ட் லேக்கில் தொடங்கும் புத்தகக் காட்சிக்கு எங்களால் இருக்க முடியவில்லை. 1976 முதல் நடக்கிறது, புத்தகப் பிரியர்கள் அதற்கேற்ப நாளைத் தள்ளிப்போட்டுக் கிளம்பலாம்.

அடுத்த ஜனவரிக்கு வருகிறவர்களுக்குச் சில செய்திகள். டோவர் லேனுக்கு நான்கு இரவுக்கும் சேர்த்தே டிக்கெட் வாங்குங்கள், நல்ல இருக்கைகள் சீக்கிரம் போய்விடும். கம்பளி கட்டாயம். பாபுகாட் முகாம் சங்கராந்திக்குச் சில நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. காலை ஆறு மணிக்குள் போனால் சமையல் பந்தலில் ஆள் தேவைப்படும், ஒரு கத்தியும் பலகையும் கொடுப்பார்கள். குழந்தைகளுக்கான ஸ்வெட்டர்கள் வீட்டில் சும்மா இருந்தால் பெட்டியில் மறக்காமல் வையுங்கள்.